பழைய ஷெவர்லே சி10 பிக்கப்பில் டிஸ்க் பிரேக்: முழுமையான வழிகாட்டி

ஷெவர்லே தன் இலகு ரக டிரக்குகள் எல்லாவற்றிலும் முன்சக்கர டிஸ்க் பிரேக் கொடுக்க ஆரம்பித்தது 1971 மாடலில்தான். அந்தத் தலைமுறை வண்டியோ 1967-லேயே வந்துவிட்டது, 1972 வரை நீடித்தது. அதனால் அடிப்படையில் ஒரே வண்டியாக இருந்தும் முதல் நான்கு வருஷத்து சி10-களுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இன்றைக்கு அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்கிப் புதுப்பிப்பவர்கள் இந்த 1967–70 வண்டிகளை நிறையவே தேடுகிறார்கள். வாங்கியதும் பலர் கை வைக்கும் முதல் வேலைகளில் ஒன்று பிரேக். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. எஞ்சினுக்குச் செலவு செய்யும் முன் பிரேக்குக்குச் செலவு செய்யுங்கள்.

இந்த வேலையில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரோட்டரும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) காலிப்பரும் (பேடு எனும் தேயும் கட்டைகளால் அந்தத் தட்டைக் கவ்வும் பகுதி) கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் என்பதால் பணமும் கவனமும் அங்கேயே போய்விடுகின்றன. வண்டி ஒழுங்காக நிற்பதும் நிற்காததும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக்குவது), பூஸ்டர் (கால் விசையைப் பெருக்குவது), வால்வு, பைப் ஆகிய நான்கின் கையில் இருக்கிறது. எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது, அதில் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்பதைச் சரிசெய்யாமல் டிஸ்க்கை மட்டும் மாட்டினால், பழைய டிரம்மைவிட மோசமாக நிற்கும் வண்டிதான் கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன்.

டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாடு

டிரம் பிரேக்கில் ஷூ எனும் வளைந்த பிரேக் கட்டை உள்ளிருந்து வெளியே விரிந்து டிரம்மை அழுத்துகிறது. சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுக்க, அந்த இழுப்பே ஷூவை இன்னும் இறுக்குகிறது. காலால் கொஞ்சம் அழுத்தினாலே நிறையப் பிடிப்பதற்குக் காரணம் இந்த உதவிதான். ஆனால் சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும், பிடிப்பு குறையும். மலைச்சரிவில் பாரத்தோடு இறங்கும்போது இதை நன்றாக உணரலாம். தண்ணீர் உள்ளே போனால் ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிஸ்க்கில் இந்தத் தொல்லைகள் மிகவும் குறைவு. ரோட்டர் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும். சூட்டில் விரிந்தாலும் பேடை நோக்கியே விரியும். தண்ணீர் பட்டால் ஓரிரு சுற்றிலேயே துடைபட்டுவிடும். ஆனால் டிரம்மில் இருக்கும் அந்தத் தானாக இறுகும் உதவி இதில் கிடையாது. பேடை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். ஆகவே டிஸ்க்குக்கு டிரம்மைவிட அதிக ஆயில் அழுத்தம் வேண்டும். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான்.

முதலில் வழியைத் தேர்ந்தெடுங்கள்

1967–70 சி10-க்கு இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதல் வழி, பழைய டிரம் ஸ்பிண்டிலை (சக்கரம் சுழலும் அச்சுத்தண்டு) அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் காலிப்பர் பிராக்கெட்டையும் புது ஹப்–ரோட்டரையும் மாட்டும் கிட். பால் ஜாயிண்டை (ஸ்பிண்டிலைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) தொட வேண்டாம், காயில் ஸ்பிரிங்குக்கும் வேலை இல்லை. ஆறு போல்ட் வீலையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம். 1970 வரை இந்த வண்டிகளுக்கு 5.5 அங்குல வட்டத்தில் ஆறு போல்ட். 1971-இலிருந்து சி10-க்கு 5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட்.

இரண்டாவது வழி, ஸ்பிண்டிலையே டிஸ்க்குக்கான ஸ்பிண்டிலாக மாற்றிவிடுவது. 1971–72 ஸ்பிண்டிலோ, 1973–87 சி10 அமைப்பை ஒட்டிச் செய்த புது ஸ்பிண்டிலோ போடலாம். வேலை கூடும், அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும், வீலும் ஐந்து போல்ட்டுக்கு மாறும். பதிலுக்கு, தொழிற்சாலையிலேயே டிஸ்க்குக்காக வடிவமைத்த அமைப்பு கிடைக்கிறது. பேடு, காலிப்பர், ரோட்டர், பேரிங் எல்லாம் எந்த உதிரிபாகக் கடையிலும் உடனே கிடைக்கும். ஊர்விட்டு ஊர் ஓட்டப்போகிறவருக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். நடு வழியில் பேரிங் போனால், கிட் விற்றவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது வழியில் ஒரு எச்சரிக்கை. ஸ்பிண்டிலில் பால் ஜாயிண்டும் டை ராடு எண்டும் (ஸ்டீயரிங் இணைப்பின் முனை) உட்காரும் துளைகள் கூம்பு வடிவில் இருக்கும். அந்தக் கூம்பின் அளவு வருஷத்துக்கு வருஷம் மாறலாம். உங்கள் கண்ட்ரோல் ஆர்முக்கும் (ஸ்பிண்டிலைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) புது ஸ்பிண்டிலுக்கும் ஒருசேரப் பொருந்தும் பால் ஜாயிண்டையே கேட்டு வாங்குங்கள். கிட்டத்தட்ட உட்கார்கிறது, நட்டு போட்டு இறுக்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. கூம்பு முழுதாகப் பொருந்தாத பால் ஜாயிண்ட் ஒருநாள் ஸ்பிண்டிலை விட்டுக் கழன்று வரும்.

வீலை முன்பே பாருங்கள்

டிரம்முக்காகச் செய்த பழைய இரும்பு வீல்கள் எல்லாமே காலிப்பருக்கு இடம் விடும் என்று சொல்ல முடியாது. விட்டம் 15 அங்குலம் என்பதால் மட்டும் நம்ப வேண்டாம், உள்பக்க வளைவும் முக்கியம். பாகங்களை வாங்கும் முன் கிட் விற்பவரிடம் வீல் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு வீலைக் கையால் முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் வீலுக்கும் நடுவே தெளிவான இடைவெளி தெரிய வேண்டும். வீலின் சமன் எடை ஒட்டியிருக்கும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐந்து போல்ட்டுக்கு மாறினால் பின்னாலும் மாற்ற வேண்டும். அந்த ஆக்ஸிலுக்கு ஏற்ற ஐந்து போல்ட் ஷாஃப்டும் டிரம்மும் வாங்கிப் போடலாம். முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று விட்டால் இரண்டு ஸ்டெப்னி தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

பின்சக்கரத்துக்கும் டிஸ்க் வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. காலியான பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கனவே லேசு, அந்த நேரத்தில் இன்னும் லேசாகிவிடும். அங்கே அதிகப் பிடிப்பைக் கொடுத்தால் பின்சக்கரம் ஜாம் ஆகி வண்டி பின்பக்கம் சுழலும். பின்னால் டிரம் இருந்தால் கேபிள் வழியாக ஹேண்ட் பிரேக்கும் சுலபமாக வேலை செய்யும். 1971-இல் தொழிற்சாலையும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றுதான் கொடுத்தது.

வாங்க வேண்டியவை

ஸ்பிண்டில் அல்லது பிராக்கெட், ரோட்டர், உள்–வெளி பேரிங், சீல், காலிப்பர், பேடு, டிஸ்க்குக்கான முன் ஹோஸ், செப்பு வாஷர், டிஸ்க்–டிரம் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டரும் அதன் பிராக்கெட்டும், காம்பினேஷன் வால்வு, 3/16 அங்குல பிரேக் பைப், யூனியன் நட்டுகள். பின்னால் வீல் சிலிண்டரும் ஆக்ஸில் மேல் இருக்கும் ரப்பர் ஹோஸும் பழையவையாக இருந்தால் அவற்றையும் சேர்த்து வாங்குங்கள். புது அமைப்பின் கூடுதல் அழுத்தத்தில் முதலில் விட்டுவிடுவது அந்தப் பழைய ரப்பர்தான்.

கருவிகளில் மூன்று இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்: டார்க் ரெஞ்ச், யூனியன் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர், இரட்டை மடிப்பு போடும் ஃபிளேரிங் டூல். சாதா ஸ்பேனர் போட்டால் பழைய யூனியன் நட்டின் மூலைகள் உருண்டுவிடும்.

கழற்றுவது

சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது வழக்கம், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பிண்டிலைக் கழற்றுபவர்களுக்கு அடுத்த ஆபத்து காயில் ஸ்பிரிங். கீழ் கண்ட்ரோல் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே அது அமுங்கிக் கிடக்கிறது. பால் ஜாயிண்ட் விடுபட்டால் அத்தனை விசையும் ஒரு நொடியில் வெளியே வரும். முதலில் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்குப் பக்கமாக, ஒரு தள்ளு ஜாக்கியை வைத்து ஸ்பிரிங்கின் பாரத்தை அது தாங்கும்படி ஏற்றுங்கள். ஸ்பிரிங்கை ஆர்மோடு ஒரு சங்கிலியால் கட்டுங்கள். பால் ஜாயிண்ட் நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுதாக எடுக்காமல் நாலைந்து இழை பிடித்திருக்க விடுங்கள். பிறகு ஸ்பிண்டிலின் கண் பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினாலோ, பிரிப்பான் கொடுத்தாலோ கூம்பு விடும். நட்டு இருப்பதால் எதுவும் பறக்காது. அதன் பிறகுதான் ஜாக்கியை அசைக்காமல் நட்டை எடுத்து ஸ்பிண்டிலை வெளியே எடுக்க வேண்டும்.

ஸ்பிண்டில், பேரிங், ரோட்டர்

புது ஸ்பிண்டிலை வைத்து பால் ஜாயிண்ட் நட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். காட்டர் பின் துளை நேர் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. டை ராடு எண்டுக்கும் இதே விதிதான்.

புது ரோட்டர் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துணியில் கறை வராத வரை துடையுங்கள். இந்த வகை ரோட்டரில் ஹப்பும் ஒரே வார்ப்பாக இருக்கும், பேரிங் அதற்குள்ளேயே உட்காரும். பேரிங்குக்கு டிஸ்க் பிரேக்குக்கான அதிக வெப்பம் தாங்கும் கிரீஸைப் போடுங்கள். மேலே தடவினால் போதாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி வரும் வரை நிரப்ப வேண்டும். அப்புறம் உள் பேரிங்கை வைத்து, சீலைக் கோணாமல் தட்டி உட்கார வையுங்கள்.

பேரிங் நட்டுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் முறை இது: ரோட்டரைச் சுற்றிக்கொண்டே நட்டை 12 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள், பேரிங் உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்தி விரலால் மட்டும் திரும்ப இறுக்குங்கள். காட்டர் பின் துளை நேர் வராவிட்டால் அடுத்த துளை வரும் அளவுக்குத் தளர்த்துங்கள். முடிவில் ரோட்டருக்கு 0.001 முதல் 0.005 அங்குலம் வரை அசைவு இருக்க வேண்டும். இங்கே விதி பால் ஜாயிண்டுக்கு நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். கூம்பு உருளை பேரிங்கை இறுக்கிப் பூட்டினால் சூடேறி எரிந்துவிடும்.

காலிப்பர்

1971-க்குப் பிந்தைய இந்த டிரக்குகளின் காலிப்பருக்கு ஒரே பிஸ்டன், விட்டம் 2.94 அங்குலம். காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகரும். பின்களுக்கும் ரப்பர் புஷ்களுக்கும் சிலிகான் கிரீஸ் பூசுங்கள், சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பின்களை 35 அடி-பவுண்டு வரை இறுக்கினால் போதும். வெளிப் பேடின் காதுகளைக் காலிப்பரோடு ஒட்டும்படி வளைத்து இறுக்க வேண்டும். அதை விட்டால் மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

இடது காலிப்பர் எது, வலது எது என்று நின்று பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறினாலும் காலிப்பர் பொருந்தத்தான் செய்யும். ஆனால் நிப்பிள் கீழே போய், காற்று மேலே தங்கிவிடும். எத்தனை லிட்டர் ஆயிலை ஓட்டினாலும் பெடல் மெத்தையாகவே இருக்கும்.

ஹோஸ் காலிப்பரில் சேரும் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புது செப்பு வாஷர் போடுங்கள், பழையதை மறுபடி பயன்படுத்த வேண்டாம். ஹோஸை மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். வீல் தொங்கும் நிலையிலும், ஜாக்கியால் ஆர்மை மேலே தூக்கிய நிலையிலும் அதையே திரும்பச் செய்யுங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் விறைக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, டயரில் உரசக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டர்: அளவில்தான் விஷயம்

1967-இலிருந்து இந்த வண்டிகளில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆயில், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். 1967-க்கு முந்தைய ஒற்றை அறை வண்டியாக இருந்தால், டிஸ்க் போடாவிட்டாலும் இதை மாற்றிவிடுங்கள்.

இரட்டை அறை இருக்கிறதே, பழையதையே வைத்துக்கொள்ளலாமா? கூடாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் சிறு தடுப்பு வால்வு இருக்கும். அது பைப்பில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் அது தொல்லை தராது. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை. பேடு ரோட்டரை விடாமல் உரசிச் சூடாகும். மேலும் பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து நிறைய ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும், டிரம்முக்கான சின்ன அறை அதற்குப் போதாது. டிஸ்க்–டிரம் மாஸ்டர் சிலிண்டரில் பெரிய அறை டிஸ்க்குக்கு, சிறிய அறை டிரம்முக்கு.

இனி அளவு. மாஸ்டர் சிலிண்டர் பெரியதாக இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடலின் நெம்புவிகிதம் 6-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். காலால் 75 பவுண்டு அழுத்தினால் ராடில் 450 பவுண்டு வரும். 1 அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 0.785 சதுர அங்குலம், ஆகவே அழுத்தம் 573 பிஎஸ்ஐ. 1.125 அங்குல விட்டமானால் பரப்பு 0.994, அழுத்தம் 453 பிஎஸ்ஐ மட்டுமே. காலிப்பர் பிஸ்டனின் பரப்பு சுமார் 6.78 சதுர அங்குலம் என்பதால், முதல் அளவில் பேடின் மேல் சுமார் 3,880 பவுண்டு விசை விழுகிறது, இரண்டாவதில் சுமார் 3,070. ஒரே காலழுத்தத்துக்கு எண்ணூறு பவுண்டு வித்தியாசம். ஆனால் சின்ன சிலிண்டருக்குப் பெடல் அதிக தூரம் இறங்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு அங்குல நகர்வுக்கும் அது தள்ளும் ஆயில் குறைவு.

ஆகவே பூஸ்டர் இல்லையென்றால் 1 அங்குலம், பூஸ்டர் இருந்தால் 1.125 அங்குலம். உங்கள் பெடலின் விகிதத்தை நீங்களே அளந்து பாருங்கள்: பெடல் தொங்கும் அச்சிலிருந்து கால் வைக்கும் தகட்டின் நடு வரை ஒரு அளவு, அச்சிலிருந்து ராடு கோக்கும் பின் வரை இன்னொரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். பூஸ்டர் இல்லாத அமைப்புக்கு 6 அளவில் வேண்டும், பூஸ்டர் இருந்தால் 4 போதும்.

பூஸ்டரும் ராடும்

பூஸ்டர் எஞ்சினின் வெற்றிடத்தில் இயங்குகிறது. மானியில் 18 அங்குலப் பாதரசம் அளவு வெற்றிடம் காட்டினால் நல்லது. பெரிய கேம் ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சினில் இது மிகவும் குறைந்துவிடும், அப்போது பூஸ்டர் பெயருக்குத்தான் இருக்கும். பூஸ்டர் வாங்கும் முன் ஒரு வாக்குவம் கேஜ் மாட்டிப் பாருங்கள்.

பூஸ்டரிலிருந்து வரும் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி வேண்டும், சுமார் 0.020 அங்குலம். இடைவெளியே இல்லையென்றால் பெடலை விட்டாலும் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வராது. ஆயில் திரும்பும் சின்னத் துளை அடைபட்டே இருக்கும். ஓட்ட ஓட்டச் சூட்டில் ஆயில் விரிந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி அதிகமானால் பெடலின் முதல் பகுதி வீணாகும். பூஸ்டர் இல்லாதவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பின்குழி ஆழமாக இருக்க வேண்டும். பூஸ்டருக்கான பிஸ்டனில் குழி ஆழமில்லை, அதில் பெடல் ராடை வைத்தால் ஒருநாள் நழுவி விழுந்துவிடும்.

வால்வும் பைப்பும்

பழைய பித்தளைப் பிரிப்பானை எடுத்துவிட்டு டிஸ்க்–டிரம்முக்கான காம்பினேஷன் வால்வைப் போடுங்கள். அது மூன்று வேலை செய்கிறது. பின்னால் ஷூ விரிந்து டிரம்மைத் தொடும் வரை முன் டிஸ்க்கைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது. பலமாக அழுத்தும்போது பின்னுக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்துகிறது. ஏதாவது ஒரு பக்கம் ஆயில் ஒழுகினால் எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கிறது.

டயர் அளவையோ வண்டியின் உயரத்தையோ மாற்றியவர்கள் கையால் திருகும் வால்வு விரும்பலாம். அதைப் பின்சக்கர பைப்பில் மட்டும் வைக்க வேண்டும். காம்பினேஷன் வால்வின் மட்டுப்படுத்தும் பகுதியும் இருக்க, அதன் மேல் இதையும் போட்டால் பின் பிரேக் அநேகமாக வேலையே செய்யாது.

1950-களின் டிரக்கில் இதே மாற்றத்தைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் கால் தளத்துக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். ஆயில் காலிப்பரிலிருந்து வழிந்து திரும்பிவிடாமல் தடுக்க முன் பைப்பில் 2 பிஎஸ்ஐ தடுப்பு வால்வு வேண்டும். 1967–72 வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் உயரத்தில் இருப்பதால் இது தேவையில்லை.

பைப்புக்கு இரும்போ செப்பு–நிக்கல் கலவையோ போடலாம். செப்பு–நிக்கல் கையால் வளையும், துருப் பிடிக்காது, அதைத்தான் நான் விரும்புவேன். முனை 45 டிகிரி இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். மடிக்கும் முன் யூனியன் நட்டைப் பைப்பில் கோத்துவிடுங்கள். அழுத்தி இறுக்கும் வகை ஜாயிண்டுகளைப் பிரேக் பைப்பில் எங்குமே போடக் கூடாது. எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் பைப் போகக் கூடாது, சேஸிஸில் அங்கங்கே கிளிப் போட்டுப் பிடியுங்கள்.

ஆயிலும் காற்று எடுப்பதும்

டாட் 3 அல்லது டாட் 4 ஆயில் போதும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸிலும் டாட் 4 குறைந்தது 230 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு இது 140, 155 என்று இறங்கிவிடும், அதனால்தான் ஆயிலை அவ்வப்போது மாற்றச் சொல்கிறோம். டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் சமமாகப் பிடித்து, இரண்டு வாயிலிருந்தும் சிறு குழாய்களைத் திரும்ப ஆயில் அறைக்குள் விட்டு, குமிழி நிற்கும் வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் அந்தக் காற்றை வெளியே கொண்டுவரப் பாதி நாள் போகும்.

காற்று எடுக்கும் முன் பின் டிரம்மின் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள், சக்கரம் லேசாக உரசிக்கொண்டு சுற்றும் அளவுக்கு. பெடல் தாழ்வாக இருக்கிறது என்று புலம்புபவர்களின் வண்டியில் பெரும்பாலும் குற்றம் இங்கேதான் இருக்கும், காற்றில் இல்லை.

வரிசை: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. காம்பினேஷன் வால்வின் ஸ்விட்சைக் கழற்றி, உள்ளே நகரும் பிஸ்டனை நடுவில் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் கருவியைத் திருகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது ஒரு பக்கம் ஓடி அடைத்துக்கொள்ளும். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். படபடவென்று பம்ப் அடித்தால் காற்று நுரையாகிச் சின்னச் சின்னக் குமிழிகளாகக் கலந்துவிடும். ஆயில் அறை வற்றாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். காற்றழுத்தக் கருவியால் எடுப்பவர்கள், முன் பிரேக்கை நிறுத்தி வைக்கும் வால்வின் தண்டையும் திறந்து பிடித்திருக்க வேண்டும். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஓட்டும் முன் சோதனை

பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. அப்படியே ஒருவரைக் கீழே அனுப்பி ஒவ்வொரு ஜாயிண்டையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூஸ்டரைச் சோதிக்க, எஞ்சினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை அழுத்தி வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வாக்குவம் ஹோஸையும் அதன் ஒருவழி வால்வையும் பாருங்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கிப் பிரேக் அடித்து விடுங்கள், சக்கரம் கையால் சுற்ற வேண்டும். லேசான உரசல் சத்தம் இயல்பு. இறுகி நின்றால் ராடு இடைவெளியை மறுபடி அளவெடுங்கள். இறுகியிருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து இரண்டு நட்டு தளர்த்தியதும் சக்கரம் விட்டுவிட்டால், சந்தேகமே இல்லை, ராடு நீளம்தான்.

ஸ்பிண்டில் மாற்றியவர்கள் இந்தக் கட்டத்திலேயே அலைன்மென்டுக்குப் போக வேண்டும். கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போங்கள், அல்லது இழுத்துக்கொண்டு போங்கள்.

பேடைப் பழக்குவது, பிறகு சமன் பார்ப்பது

புதுப் பேடும் ரோட்டரும் ஒன்றோடொன்று பழக வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 30 மைல் வேகத்திலிருந்து நிதானமாக வேகம் குறைத்து, 30 நொடி ஆறவிட்டு, இப்படி முப்பது முறை செய்வது பலரும் கடைப்பிடிக்கும் முறை. சூடான பிறகு வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம், பேடு இருக்கும் இடத்தில் மட்டும் ரோட்டரில் படிவு ஏறிப் பிறகு பெடல் அதிரும்.

பழக்கிய பிறகு காலியான, நனைந்த ஒரு திறந்த மைதானத்தில், மணிக்கு 20–25 மைலில், வண்டியில் பாரம் இல்லாமல் படிப்படியாகப் பலமாக பிரேக் அடித்துப் பாருங்கள். வெளியே நிற்கும் ஒருவர் எந்தச் சக்கரம் முதலில் ஜாம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். முன்சக்கரம்தான் ஒரு கணம் முந்த வேண்டும். பின்சக்கரம் முந்தினால் பின் அழுத்தத்தைக் குறைக்காமல் அந்த வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். திருகு வால்வு போட்டவர்கள் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி மறுபடி பாருங்கள். அளவு அமைந்ததும் அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கத்துக் காலிப்பரைச் சந்தேகியுங்கள்: காலிப்பர் நகரும் பின்கள் வழுக்கவில்லை, காற்று தங்கியிருக்கிறது, அல்லது பேடில் கிரீஸ் பட்டிருக்கிறது. கிரீஸ் பட்ட பேடைத் துடைத்து உபயோகிக்க முடியாது, ஜோடியாக மாற்றுங்கள்.

முதல் 50 மைலுக்குப் பிறகு வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்குங்கள். காலிப்பர் பின்கள், ஹோஸ் போல்ட், ஒவ்வொரு யூனியன் நட்டு, ஆயில் அளவு எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். காலிப்பர், பேடு, பேரிங், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றின் பாக எண்களையும், அவை எந்த வருஷத்து எந்த மாடலுக்குரியவை என்பதையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்து பேடு மாற்றப் போகிற கடைக்காரர் 1968 சி10 என்று தேடினால் அவருக்கு டிரம் ஷூதான் வரும்.